மோஸ் சாகும் காட்சி

கடைசிக் காட்சியில் நாய் செத்துவிடும் என்று மன்றத்து வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாயால் சொன்னால் போதாது என்று பக்கத்தில் ஒரு கரும்பலகை வேறு.

'இந்த நாடகத்தில் ஒரு நாய் சாகும். மனசு தாங்காதவர்கள் முன்னதாகவே எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம். நாய் உண்மையில் நலம். மத்தியானம் சாஸேஜ் சாப்பிட்டது. தயவுசெய்து யாரும் அழ வேண்டாம்.'

கார்டிஃப் மாதிரிப் பெரிய ஊர்களில் இப்படிப் பலகை வைப்பது பார்க்க வருகிறவர்களுக்காக. எங்கள் ஊரில் வைத்தது நாய்க்காக.

மோஸ் என் நாய். சாவதில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. ஆடு மேய்த்துப் பழகினவன். படு என்றால் மலையே சரிந்தாலும் படுத்திருப்பான். கிழட்டு மேய்ப்பனாக நடிக்கும் ஹவல் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பி முடிக்கிற வரைக்கும் வால் நுனிகூட அசையாது.

ஒரே ஒரு கோளாறு. யார் அழுதாலும் அவனுக்குப் பொறுக்காது. எழுந்து போய் அழுகிறவர் முகத்தை நக்கிவிட்டுத்தான் மறுவேலை.

முதல் நாள் தபால்காரர் மூக்கை உறிஞ்சினார். செத்த நாய் மேடையிலிருந்து குதித்துப் போய் அவர் கண்ணாடியை நக்கியது. மறுநாள் பாதிரியாரின் மனைவி. நாடகத்தை எழுதி இயக்கிய க்வெண்டா திரைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்று கடைசி நாள். மாவட்டக் கோப்பைக்கு மார்க் போட நடுவர் வருகிறார்.

அந்தக் கோப்பை எத்தனையோ வருஷமாகப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊரில்தான் கிடக்கிறது. அவர்கள் அதில் பிளாஸ்டிக் பூ செருகி வைத்திருக்கிறார்களாம். வயிறு எரியாதா? மோஸ் ஒழுங்காகச் செத்தால் அது எங்களுக்கு.

அதனால் ஒருவரையும் நான் சும்மா உள்ளே விடவில்லை. தினமும் ஆடு வெட்டுகிற எனக்கேவா எச்சரிக்கை என்று கறிக்கடை இட்ரிஸ் முறைத்துக்கொண்டார். கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பிடுங்கி வைத்துக்கொண்டேன். கைக்குட்டையோடு வருகிறவர் அழுகிற எண்ணத்தோடுதானே வருவார்?

ஒட்டுத்தாடியோடு அந்தப் பக்கம் வந்த ஹவல் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏம்மா நெஸ்டா, நாடகத்துக்கு ஆள் கூப்பிடுறியா, இல்ல துக்கத்துக்குச் சொல்லி அனுப்புறியா?"

இரண்டும்தான் என்றேன்.

கடைசிக் காட்சி வந்தது. மோஸ் செத்தான். அடடா, என்ன சாவு. ஹவல் புலம்ப ஆரம்பித்தார்.

நான் பின்கோடியில் கதவோரம் நின்று எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாய் நிறைய மிட்டாயை அடைத்துக்கொண்டிருந்தார். இட்ரிஸ் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியாரின் மனைவி தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. கோப்பையை எந்த அலமாரியில் வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு விசும்பல்.

நடுவர் ரோலண்ட்ஸ் அம்மாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய மனுஷி, கூட்டத்தோடு வரிசையில் நிற்கக்கூடாது என்று அவரை மட்டும் பின்கதவு வழியாக அழைத்து, அறையில் உட்காரவைத்து, டீயும் திராட்சை ரொட்டியும் கொடுத்து, நேராக முன்வரிசையில் கொண்டுபோய் விட்டிருந்தோம். எந்த நடுவர் வந்தாலும் அதுதான் எங்கள் வழக்கம். அவர் பலகையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்த மன்றத்தில் யாருமே எச்சரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

மோஸின் காது எழுந்தது.

ஹவல் புலம்பலை நிறுத்தாமலே முழங்காலால் அவனை அமுக்கிப் பார்த்தார். நடக்குமா? ஒரே தாவல். ரோலண்ட்ஸ் அம்மாள் மடியில் முன்கால்களை வைத்து, கண்ணீர், பவுடர், உதட்டுச்சாயம் என்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் நக்கினான்.

"அட, நீ சாகவே இல்லையாடா கண்ணா?"

கேட்டுவிட்டு அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், மன்றமே சிரிப்பில் வெடித்தது. தபால்காரர் வாயிலிருந்து மிட்டாய் பறந்தது. ஹவலின் தாடி கழன்று விழுந்தது. க்வெண்டா திரையை விலக்கிக்கொண்டு வந்து மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

கோப்பை கிடைக்கவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாயின் நடிப்பு போதாது என்று நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் சிரித்தேன். கதவை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூச்சு விக்கியது. கேட்கிறவர்களுக்கு அழுகிற சத்தம் மாதிரியேதான் இருந்திருக்கும்.

மோஸ் சட்டென்று திரும்பினான். ரோலண்ட்ஸ் அம்மாளை அப்படியே விட்டுவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே என்னை நோக்கி ஓடிவந்தான்.

அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். அவனுடைய கோளாறு பிறவிக் கோளாறு இல்லை. என் வீட்டுக்காரர் எம்ரிஸை அடக்கம் செய்துவிட்டு வந்த குளிர்காலம் முழுக்க, சமையலறைத் தரையில் கிடந்த என்னிடம் அவன் கற்றுக்கொண்டது அது.

வந்தான். என் இடுப்பில் முன்கால்களை ஊன்றி எழுந்தான். மூக்கை என் கன்னத்தருகே கொண்டுவந்து முகர்ந்தான். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தான்.

நக்கவில்லை.

இறங்கினான். வந்த வழியே நடந்து போய், மேடையேறி, ஹவலின் காலடியில் தன் இடத்தைத் தேடிப் படுத்து, மறுபடியும் செத்துப்போனான்.