அக்காவின் பெட்டி

மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. ஆவணப் பிரிவில் யாருக்குக் கீழே யார் என்று காட்டும் படத்தை அந்தப் பிரிவின் தட்டச்சர் வேர்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கொரு பெட்டி, நடுவில் அம்புக்குறி. மேலாளர் காலையில் சொன்னபடியே அவள் தன் பெட்டியை மேலே ஏற்றிவிட்டாள். பதினோரு வருடமாகப் பிரிவைத் தாங்கும் மூத்த ஊழியரை, எல்லோருக்கும் அக்காவை, தனக்குக் கீழே இறக்கியாயிற்று. காலையிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, உள்ளுக்குள் இனித்தது. இப்போது தன் பெட்டிக்கு நீலம் நிரப்பி, ஓரக்கோட்டைத் தடிமனாக்கி, நிழல்கூடக் கொடுத்து அழகு பார்க்கிறாள். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நிற்கிறது. அக்காதான். படத்தை மூட விரல் ஓடுவதற்குள் அவள் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு பெட்டியாகப் படிக்கிறாள். "அக்கா, சார்தான் இப்படிப் போடச் சொன்னாரு..." "இருக்கட்டும்மா. என் பேரு பாதியில வெட்டுப்படுது பாரு. பெட்டியக் கொஞ்சம் அகலமாக்கு." காது மடல் எரிய, தட்டச்சர் அந்தப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறாள். அக்காவின் பெயர் முழுசாகத் தெரிகிறது. "இப்போ சரி" என்கிறாள் அக்கா. தட்டச்சருக்குத்தான் தலை நிமிரவில்லை.