திருத்திக் கொடுத்த வாக்கியம்

“ஹில்யாவ நான் கொன்னுட்டேன்னு நெனைக்கிறேன்,” என்றாள் சுன்னிவா. அண்ணன் ஐவின்ட் ரொட்டிக்குப் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

“பள்ளிக்கூடம் கெளம்புறதுக்கு முன்னாடியேவா?”

அவள் சிரிக்கவில்லை. பதினாறு வயது முகம் அழுது வீங்கியிருந்தது. அவன் சீவுவதை நிறுத்தினான்.

ஹில்யா ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரி, பின்லாந்துக்காரி. வாத்தியார் வைக்காமல் ஐஸ்லாந்து மொழி பழகுபவர்களுக்காகச் சுன்னிவா நடத்தும் இணையக் குழுவில் அவளும் ஒருத்தி.

ஒன்பது பேரோடு நொண்டிக்கொண்டிருந்த குழு நானூறு பேராகப் பெருகியது சுன்னிவா பட்ட பாட்டில்தான். தினமும் காலையில் மனதில் தோன்றியதை அந்த மொழியில் எழுதிப் போடுவாள். மற்றவர்கள் அதையே எடுத்து எழுதிப் பழகுவார்கள், இல்லை சொந்தமாக ஒன்று எழுதுவார்கள். எதுவானாலும் அன்றைக்கே திருத்திக் கொடுத்துவிடுவாள்.

தப்பைத் திருத்தலாம், சொந்தக் கதையைக் கிண்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதற்குப் பிறகுதான் கூச்சக்காரர்கள்கூட வாய் திறந்தார்கள்.

போன வாரம் ஹில்யா எழுதியிருந்தாள்: ‘நான் காணாமல் போனால் இங்கே ஒருவருக்கும் தெரியாது.’ சுன்னிவா ஒரு விகுதியைத் திருத்தி, ‘அருமை’ என்று தங்க நட்சத்திரமும் ஒட்டினாள். அதோடு சரி, ஹில்யா குழுப் பக்கமே வரவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டும் போன் எடுக்கவில்லை.

“அவ அழுதிருக்கா அண்ணா. நான் மார்க் போட்டிருக்கேன்.”

கப்பல்காரர்கள் நாலு நாள் காணாமல் போவது ஒரு அதிசயமா என்று அவன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஏறவில்லை. இன்றைக்கே குழுவை மூடிவிடப் போவதாகச் சொன்னாள்.

“நானூறு பேரு இருக்கோம். எப்படி இருக்கன்னு கேக்க ஒரு நாதியில்ல.”

அப்போதுதான் போன் அடித்தது. ஹில்யா. பின்னால் துறைமுகத்துக் கிரேன் இரைந்தது. இப்போதுதான் கரைக்கு வந்தோம், நடுக்கடலில் சிக்னலே இல்லை என்றாள். குரல் கணீரென்று இருந்தது.

சுன்னிவா முந்திக்கொண்டாள். “மன்னிச்சிருங்க அக்கா. நீங்க அப்படி எழுதியிருந்தீங்க. என்ன ஏதுன்னு கேக்காம நான் இலக்கணம் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கிரேன் இரைச்சலை விட்டு ஹில்யா தள்ளி வந்தாள்.

“நான் எடுத்துத்தான் எழுதினேன் கண்ணு. போன மாசம் அத எழுதிப் போட்டவ நீ.”