துருப்பிடித்த துப்பாக்கி

"இந்தத் துருப்பிடிச்ச சனியனுக்கா இவ்வளவு நேரம் நிக்கிறே?" என்றார் ஹெல்மி.

மிச்சிகன் காட்டோரத்தில் இருந்த அந்தப் பழைய துப்பாக்கிக் கடையில், கணவர் ஆர்வோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டையில் விரிசல், குழலெல்லாம் துரு.

கடைக்காரரே மனம் கேட்காமல் சொன்னார்: "இதைச் சரிபண்ற செலவுல புதுசே வாங்கிடலாம் பெரியவரே. சுவத்துல மாட்டத்தான் லாயக்கு."

"மான் வேட்டை சீசனுக்குள்ள இது சுடணும்" என்றார் ஆர்வோ.

"வீட்லதான் ரெண்டு துப்பாக்கி இருக்கே!" என்றார் ஹெல்மி.

கட்டையின் அடியில் செதுக்கியிருந்த பெயரை ஆர்வோ காட்டினார். ஹெல்மி பணப்பையைத் திறந்தார்.

இலையுதிர்காலம் முழுவதும் ஆர்வோ கொட்டகையே கதியென்று கிடந்தார். துருவைப் போக்கினார், விரிசலை ஒட்டி எண்ணெய் தேய்த்தார். குழலைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, சுடலாம் என்று உறுதி செய்துகொண்டார்.

சீசனுக்கு முந்தின நாள், அதைக் கொண்டுபோய் நண்பர் ரெய்னோவின் கையில் கொடுத்தார்.

ரெய்னோவின் முகம் வெளிறியது. "இதை ஏன்டா எடுத்துட்டு வந்தே? மானுன்னு நெனச்சு நான் உன் காலைச் சுட்டது இதாலதானேடா! வித்துத் தொலைச்சதோட நான் காட்டுப் பக்கமே போகலையே!"

"போன காலுக்கு நானே அழுது முடிச்சிட்டேன். நீ இன்னும் முடிக்கல. தனியா வேட்டைக்குப் போய்ப் போய் எனக்கு அலுத்துப்போச்சுடா."

கட்டையின் அடியில் செதுக்கியிருந்த தன் பெயரை ரெய்னோ தடவிப் பார்த்தார்.

ஆர்வோ தன் செயற்கைக் காலை நீட்டி உட்கார்ந்தார். "விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். ஒண்ணே ஒண்ணு, இந்தத் தடவை நீ எனக்கு முன்னால நட!"

ரெய்னோ அழுதுகொண்டே சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூட்ஸைத் தேட உள்ளே போனார்.