வெறுங்கால்

அந்த மாலின் இரண்டாம் மாடியில் மிச்சமிருந்தது அந்தச் செருப்புக் கடை ஒன்றுதான். அதையும் மூடிவிடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். ஆள் வந்தால் மட்டுமே காவலாளி எஸ்கலேட்டரை ஓடவிடுவார். இன்று அது உறுமியதும் விற்பனைப்பெண் ஜெசிந்தா துள்ளி எழுந்தாள். சேலையை இறுகப் பிடித்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக ஓர் அம்மாள் ஏறி வந்தாள். காலில் செருப்பில்லை!

"வாங்கம்மா, வாங்க! என்ன சைஸ்?"

"என் செருப்பு கீழ கெடக்கு தாயி. இதுல எப்படி மிதிக்கிறதுன்னு கழட்டிட்டேன். மகளப் பாக்க துபாய் போறேன், ஏர்போர்ட்ல இதுல ஏறணுமாம். இந்த மால்லதான் கூட்டமே இருக்காது, போய்ப் பழகிக்கோன்னா."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எறங்கத் தெரியுமா?"

அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஜெசிந்தா தன் செருப்பையும் கழற்றிக் கடை வாசலில் விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்தாள்.