ஒரே ஒருத்தரைப் பார்த்து

"கட். நீங்க சொல்றதை நீங்களே நம்பலை சார். இன்னொரு தடவை எடுக்கலாம்."

முதலாளி டையைத் தளர்த்தினார். ஒலிப்பதிவுக்காக ஏசியை அணைத்திருந்ததில் அவருடைய அறை வெந்துகொண்டிருந்தது.

தொழிற்சாலையை மூடப்போகும் செய்தியை மறுநாள் காலை வீடியோவில் அறிவிப்பதாக ஏற்பாடு. அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று படப்பிடிப்புக் குழுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

வீடியோவை இயக்க வந்தவள் காலையிலிருந்தே அவரை விடுவதாக இல்லை. கேமராவுக்குக் கீழே எழுத்துகள் ஓடும் திரையில் 'மறுசீரமைப்பு' என்று இருந்ததை நீக்கச் சொன்னாள். மக்கள் தொடர்பு அதிகாரி குறுக்கே வந்தார். வசனத்தை மாற்றுவது அவள் வேலையில்லை, எழுதியதை அழகாக எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார்.

"மூடறோம்னு சொல்லாம எப்படி சார் அவங்களுக்குப் புரியும்?"

கேமராமேன் லென்ஸைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

முதலாளி சற்று யோசித்துவிட்டு, திரையை அணைக்கச் சொன்னார்.

"சரி. யாரைப் பார்த்துப் பேசணும்?"

"ஒரே ஒருத்தரை நினைச்சுக்கங்க. உங்களை நம்பி வேற வேலைக்குப் போகாம இருந்தவர். நாளைக்கு அவர் முகத்தைப் பாக்க வேண்டாம்னுதானே இந்த வீடியோவே எடுக்கறீங்க?"

அதிகாரி விருட்டென்று எழுந்தார். முதலாளி கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார்.

கேமரா ஓடியது.

"மூடறோம். தப்பு உங்க மேல இல்லை. வியாபாரத்தைக் கோட்டை விட்டது நான்தான்." முதலாளி கேமராவிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

இந்த முறை அவள் கட் சொல்ல வெகு நேரமானது.

விளக்குகளைக் கழற்றும்போது முதலாளி அருகில் வந்தார். வேறு யாராக இருந்தாலும் முதல் டேக்கிலேயே கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள், அவளுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டார்.

"கேக்கறவங்களுக்கு ரீடேக் கிடையாது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டாண்டை மடக்கினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கணவன் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"காலைல எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றான் உற்சாகமாக. "எங்க முதலாளி வீடியோவுல பேசறாராம். ஏதோ நல்ல சேதியாத்தான் இருக்கும்."