ஏழாவது கட்டம்

கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவு கஜந்தினியின் விண்ணப்பத்தை மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பியது. அவள் கேட்டது ஒன்லைன் பரீட்சைக்குப் பதினைந்து நிமிடம் மேலதிக நேரம். ஏழாவது கட்டம் காலியாம். அதில், ‘மேலதிக நேரம் யாரிடமிருந்து?’ என்றிருந்தது.

பிளேஸ்டோவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன் எடுத்தாள். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு, ஏதாவதொரு பெயரை எழுதச் சொன்னார்கள்.

“இதென்ன விசர்க் கேள்வி? நேரத்தை ஆரிட்டையும் வாங்கேலுமே?” என்று கணவனிடம் எரிந்து விழுந்தாள்.

“என்ர பேரைப் போட்டுவிடும். எல்லா ஃபோமிலயும் அதைத்தானே போடுறனீர்,” என்றான் றஜீவன்.

போட்டாள். அன்றே அனுமதி வந்தது.

பரீட்சையன்று பன்னிரண்டு மணிக்கு நேரம் முடிந்தது. இரண்டு கேள்விகள் மிச்சம். திரையில் பதினைந்து நிமிடம் கூடியது.

“இஞ்சருங்கோ, கேட்ட தேத்தண்ணி எங்க?”

எரிச்சலோடு திரும்பினாள். குசினியில் றஜீவன் கேத்திலைச் சரித்தபடி நின்றான். கேத்திலுக்கும் கோப்பைக்கும் நடுவில் சுடுதண்ணீர் விழாமல் நின்றது. அவன் இமைக்கவில்லை.

திரையில் பதினான்கு நிமிடம் இருந்தது. கஜந்தினி திரும்பி, அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள்.