உடைந்த கதவின் படம்

கதவு உடைந்த மாணவியர் கழிப்பறைக்கு அரசு நிதி கேட்டு மூன்று வருடம் எழுதி எழுதித் தலைமையாசிரியை எஸ்தருக்குச் சலித்துவிட்டது. போன மாதம் பெற்றோர்களே சேர்ந்து புதுக் கதவு போட்டு நீல வர்ணமும் அடித்துக் கொடுத்தார்கள். இன்று நிதி ஒதுக்கீடு வந்துவிட்டது.

“உடைஞ்ச கதவோட போட்டோ ஏத்துனாதான் பணம் ரிலீஸ் ஆகும் மேடம். பழைய படம் செல்லாது, இன்னைக்குத் தேதி வேணும். இல்லன்னா திரும்பிப் போயிடும்” என்றார் மாநகராட்சி எழுத்தர் போனில்.

கதவு மாறிவிட்டாலும், ஒழுகும் வகுப்பறைக் கூரை அந்தப் பணத்தில்தான் மாறவேண்டும். பிள்ளைகள் பாடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, காம்பவுண்டு ஓரம் கிடந்த செங்கல்லை எடுத்துப் போய்க் கதவில் ஓர் அடி அடித்தாள். வர்ணம்கூடப் பெயரவில்லை. அலுப்போடு மறுபடி ஓங்கினாள்.

“ஆள் இருக்கு” என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். “இதோ வந்துட்டேன்.”